ஏரிக்கரைப் புல்லும் ஒன்பது நாள் காய்ச்சலும்

என் கேமராப் பையில் உதிரி பேட்டரி இருக்கும், லென்ஸ் துடைக்கும் துணி இருக்கும், டார்ச் இருக்கும். பாம்புக்குப் பயந்து வாங்கிய கம்பூட்ஸ் வண்டியில் எப்போதும் கிடக்கும். ஒரு பூச்சிவிரட்டிக் களிம்பு மட்டும் ஐந்து வருடத்தில் ஒரு நாளும் இருந்ததில்லை. பூச்சிகளைப் படம் எடுக்கப் புல்லில் படுத்ததால் வந்த வினை, 2024 டிசம்பரில் ஒன்பது நாள் காய்ச்சலில் கிடந்தேன். அதில் பெரும்பகுதி வீட்டில் தனியாக. அப்புறம் மருத்துவமனையில் ஐந்து நாள், கையை விட்டுப் போன 45,000 ரூபாய், மூன்று வாரத்துக்கு மேல் விடுப்பு, ஆசையாக வாங்கிய ஒரு லென்ஸும் பாழ். இத்தனைக்கும் பிறகுதான் அந்தக் களிம்பு ஏன் பையில் இருக்க வேண்டும் என்று தெரிந்தது. பூச்சிகளைப் படம் எடுக்கிறவர்கள் எனக்கு லென்ஸைப் பற்றி, ஃப்ளாஷைப் பற்றி, மென்பொருளைப் பற்றி எவ்வளவோ சொல்லியிருக்கிறார்கள். இந்த ஒன்றை யாரும் சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன். ஆனால் காய்ச்சலை மட்டும் சொன்னால் நீங்கள் கேமராவை எடுத்து உள்ளே வைத்துவிடுவீர்கள். இந்தப் பழக்கம் எனக்கு என்ன கொடுத்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு சரியாக வரும்.

எனக்கு மதுராந்தகம் பக்கம் ஒரு சிற்றூர். தனியார் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. 2019ல் ஒருவர் விற்ற பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவை அதன் கூடவே வரும் 18-55 லென்ஸோடு 16,000 ரூபாய்க்கு வாங்கினேன். பக்கத்தில் வேடந்தாங்கல் இருக்கிறதே, பறவைகள் எடுக்கலாம் என்று ஆசை. போய்ப் பார்த்தால் நத்தைகுத்தி நாரை என் படத்தில் அரிசி அளவுக்கு நின்றது. பறவைக்கான லென்ஸ் விலையை விசாரித்து, அந்த ஆசையை அன்றே விட்டுவிட்டேன். அப்போதுதான் ரிவர்ஸ் ரிங் பற்றித் தெரிந்தது. 300 ரூபாய் வளையம். அதை வைத்து லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி கேமராவில் மாட்டலாம். பெரிய காட்சியை, கேமராவுக்குள் படம் பதியும் சின்ன சென்சாருக்குள் சுருக்குவதற்காகச் செய்த லென்ஸ், திருப்பிப் போட்டால் சின்னதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான் சங்கதி. 55ல் வைத்தால் ஓரளவு பெருக்கம், 18க்குத் திருப்பினால் இன்னும் அதிகம். இரண்டு விஷயம் மட்டும் நினைவில் இருக்கட்டும். திருப்பி மாட்டியதும் லென்ஸுக்கும் கேமராவுக்கும் தொடர்பு அறுந்துவிடும், ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது. லென்ஸின் பின்பக்கக் கண்ணாடி வெளியே தெரியும், குச்சியோ இலையோ உரசினால் கீறல் விழும்.

அந்த வளையத்தோடு நான் எங்கேயும் போகவில்லை. வீட்டுக் கொல்லையில் ஒரு மாமரம், அதில் முசுறு கூடு. இலைகளைப் பட்டு நூலால் ஒட்டிக் கட்டியிருக்கும் சிவப்பெறும்புக் கூடு. கடி வாங்கிக்கொண்டே நாலு ஞாயிற்றுக்கிழமை அந்த எறும்புகளை எடுத்தேன். நாலாவது வாரம் படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது ஓர் எறும்புக்குக் கண் சரியாக இல்லை. எறும்புக்குத் தலையின் இரு பக்கமும் கண் இருக்கும். இதற்கோ முகத்தின் நடுவில், காரின் முன்விளக்கு மாதிரி இரண்டு பெரிய கருங்கண்கள் நேராக என்னைப் பார்த்தன. எண்ணினால் கால் எட்டு. சிலந்தி. எறும்பு வேஷத்தில் இருக்கும் தத்துச்சிலந்தி. முன்னங்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்பு மாதிரி ஆட்டிக்கொண்டு, எறும்பு நடப்பது போலவே விட்டுவிட்டு நடக்கிறது. ஆண் சிலந்திக்குத் தாடை முன்னால் நீண்டு தடித்திருக்கும். தூரத்தில் பார்த்தால் ஓர் எறும்பு இன்னோர் எறும்பைக் கவ்விக்கொண்டு போவது மாதிரி இருக்கும். நான் பிறந்து வளர்ந்த வீட்டின் மரம் அது. நாற்பது வருடமாக அதன் கீழே நின்று பல் விளக்கியிருக்கிறேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. மனைவியை எழுப்பிக் காட்டினேன், மகளை எழுப்பிக் காட்டினேன். இந்தப் பழக்கத்தின் ருசி என்ன என்று கேட்டால் அந்த ராத்திரியைத்தான் சொல்வேன். காடு மலை தேடிப் போக வேண்டாம், பணம் வேண்டாம், கால் மணி நேரம் ஒரே இலையைப் பார்த்துக்கொண்டு உட்காரும் பொறுமை போதும்.

பொறுமைக்குக் காரணம் இருக்கிறது. ஒரு பூச்சி தன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழும்படி எடுத்தால், அதாவது 1:1 பெருக்கத்தில், லென்ஸின் துவாரத்தை எஃப் 11 அளவுக்குச் சுருக்கி வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. கண் தெளிவாக இருந்தால் கால் மங்கிவிடும். ஃபோகஸ் வளையத்தைத் திருகிக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. ஃபோகஸை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, மூச்சை அடக்கி, உடம்பையே முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, கண் தெளிவாகும் நொடியில் அமுக்க வேண்டும். முழங்கையைத் தரையில் ஊன்றினால் ஆட்டம் குறையும். படுத்தால் இன்னும் குறையும். வெளிச்சம் போதாது, ஃப்ளாஷ் வேண்டும். நேராக அடித்தால் பூச்சியின் முதுகு கண்ணாடி மாதிரிப் பளபளக்கும். நான் ஒரு சிப்ஸ் டப்பாவை அறுத்து, உள்ளே வெள்ளிக் காகிதம் விட்டு, வாயில் இரண்டடுக்கு பட்டர் பேப்பர் ஒட்டி வைத்திருக்கிறேன். செலவு 40 ரூபாய். அதைவிட நல்ல வெளிச்சம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. நேரம் விடிகாலை. ராத்திரிக் குளிரில் விறைத்துப்போன பூச்சிகள் வெயில் ஏறும்வரை நகராது. சிலர் பூச்சியைப் பிடித்துப் ஃபிரிட்ஜில் வைத்து மயக்கி எடுக்கிறார்கள், பசை வைத்து ஒட்டுகிறவர்களும் உண்டு. அது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அந்தப் படத்தில் இருப்பது பூச்சியின் வாழ்க்கை இல்லை, அதற்கு நாம் கொடுத்த தண்டனை.

ஆக, விடிகாலை, பனி, புல், குப்புறப் படுத்தல். நல்ல படத்துக்கு வேண்டியது எதுவோ அதுவேதான் எனக்கு வினையாக வந்தது.

நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து எங்கள் பக்கம் ஏரிகளை நிரப்பிவிட்டுப் போனது. டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, ஐந்தே முக்காலுக்கெல்லாம் ஏரிக்கரையில் இருந்தேன். கலங்கலில் தண்ணீர் வழிகிற சத்தம் மட்டும். கரையின் உள்சரிவில் புல் இடுப்புயரம் வளர்ந்து பனியில் சாய்ந்து கிடந்தது. டார்ச் அடித்தால் ஒவ்வொரு புல் தாளிலும் ஓர் ஊசித்தட்டான். உடம்பு முழுக்க, கண்ணில்கூட, கடுகு கடுகாகப் பனித்துளி. குப்புறப் படுத்துவிட்டேன். அரைக்கைச் சட்டை, தளர்ந்த பேன்ட். முன்னால் ஊர்ந்தபோது சட்டை மேலே ஏறி இடுப்பு நேராகப் புல்லில் பட்டது. அப்போது அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. வெளிச்சம் வந்ததும் ஒரு துளியில் ஃபோகஸ் பிடித்தேன். துளிக்குள் பின்னால் இருக்கும் கரையும் ஒற்றைப் பனைமரமும் தலைகீழாக நின்றன. ஒரு துளியும் ஒரு லென்ஸ்தானே. அந்தத் துளியைப் பிடித்துக்கொண்டிருந்த தட்டான் தன் முன்னங்காலால் கண்ணைத் துடைத்தது, துளி சரிந்தது, பனைமரம் நீண்டு நெளிந்து காணாமல் போனது. இரண்டு மணி நேரம் அப்படியே கிடந்தேன். ஆடு ஓட்டி வந்த பெரியவர் நின்று பார்த்து, "தம்பி, பாத்துப் படுப்பா. மழைக்கு விரியன் மேட்டுல ஏறிக் கெடக்கும்" என்றார். "சரிங்க ஐயா, டார்ச் அடிச்சுப் பாத்துட்டுதான் படுத்தேன்" என்றேன். பாம்பைப் பற்றி எல்லாரும் எச்சரித்தார்கள். அந்தப் புல்லில் பாம்பைத் தவிர வேறொன்றும் இருக்கலாம் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்து அதே சட்டையோடு இட்லி சாப்பிட்டேன், அதே சட்டையோடு கணினி முன்னால் உட்கார்ந்து படங்களை ஏற்றினேன். குளித்தது மதியம் ஒரு மணிக்கு. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

டிசம்பர் 21, சனிக்கிழமை சாயங்காலம் குளிர் தூக்கிப் போட்டது. கண்ணுக்குப் பின்னால் இடிக்கிற மாதிரித் தலைவலி. ஏரிக்கரைக்குப் போய்ப் பதின்மூன்று நாள் ஆகியிருந்தது, அதையும் இதையும் முடிச்சுப் போட யாருக்குத் தோன்றும்? ஞாயிறு பக்கத்து கிளினிக்கில் வைரஸ் காய்ச்சல் என்று மூன்று நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். திங்கள் ராத்திரி மனைவியும் மகளும் அரையாண்டு விடுமுறைக்குத் தென்காசி போவதாக டிக்கெட் எடுத்திருந்தோம். "என்னங்க, கேன்சல் பண்ணிடட்டுமா?" என்று கேட்டாள். "ரெண்டு நாள்ல சரியாயிடும், நீங்க கிளம்புங்க" என்று நானே ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டேன். நான் செய்த தப்புகளில் இதுதான் பெரியது. எதனால் என்று தெரியாத காய்ச்சல் மூன்றாவது நாளும் நிற்கவில்லையா, வீட்டில் தனியாக இருக்காதீர்கள்.

25ஆம் தேதி 103 டிகிரி. வேறொரு டாக்டர். ரத்தப் பரிசோதனை. டெங்கு இல்லை என்று வந்தது, டைஃபாய்டுக்கான விடால் பரிசோதனை லேசாகப் பாசிட்டிவ், பிளேட்லெட் 1,10,000. டைஃபாய்டாக இருக்கலாம் என்று ஒரு ஆன்டிபயாடிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, நான் அவரிடம் சொன்னது "காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி" என்ற மூன்று வார்த்தைதான். பக்கத்து வீட்டு அக்கா நிலவேம்புக் கஷாயமும் பப்பாளி இலைச் சாறும் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். 27ஆம் தேதி பிளேட்லெட் 84,000க்கு இறங்கியது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. போனில் மனைவியிடம் "பரவாயில்லை, குறைஞ்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரி இரண்டு மணி இருக்கும், தண்ணீர் குடிக்க எழுந்து, சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழ முடியவில்லை. மயங்கி விழுந்தால் யாருக்குத் தெரியும், கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறதே என்று தோன்றியது. தவழ்ந்து போய்த் தாழ்ப்பாளைத் திறந்து வைத்துவிட்டு, கதவுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டேன். மகள் முகம்தான் நினைவில் இருந்தது. அழுதேன். விடியும்வரை அப்படியே கிடந்தேன்.

28ஆம் தேதி காலை ஆட்டோ பிடித்து செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனைக்குப் போனேன். பணியில் இருந்தவர் ஒரு பெண் டாக்டர். ரிப்போர்ட்டை எல்லாம் புரட்டிவிட்டு, "என்ன வேலை சார் பாக்கறீங்க?" என்றார். "ஆபீஸ்ல கணக்கு வேலை, மேடம்." "வயல், தோட்டம், ஆடு மாடு ஏதாவது?" "இல்ல மேடம்." அதோடு முடிந்திருக்கும். மனைவி போன் பண்ணினாள், மேஜை மேல் இருந்த போன் வெளிச்சமானது. முகப்பில் அந்த ஊசித்தட்டான் படம். டாக்டர் அதைப் பார்த்தார். "நீங்க எடுத்ததா?" "ஆமா மேடம்." "எப்படி, படுத்துக்கிட்டா?" "ஆமா மேடம், புல்லுல." அவர் பேனாவைக் கீழே வைத்தார். "சட்டையைக் கழட்டிட்டுத் திரும்பிப் படுங்க சார்."

அக்குளைப் பார்த்தார், முழங்கால் மடிப்பைப் பார்த்தார், பேன்ட் பட்டியைக் கொஞ்சம் கீழே இறக்கச் சொன்னார். இடுப்புக்குப் பின்னால், இடது பக்கம், பெல்ட் அழுத்துகிற கோட்டில் இருந்தது. என் போனிலேயே ஒரு படம் எடுத்துக் காட்டினார். மிளகு அளவில் கருப்புப் பொருக்கு, நடுவில் லேசாகக் குழிந்து, விளிம்பில் தோல் உரிந்து, சுற்றிலும் ஒரு சிவப்பு வளையம். சிகரெட்டால் சுட்ட மாதிரி. தொட்டால் வலி இல்லை, அரிப்பு இல்லை, இரண்டு வாரமாக அது என் உடம்பில் இருந்தது எனக்குத் தெரியாது. "ஸ்க்ரப் டைபஸ். உண்ணிக் காய்ச்சல்னு பேப்பர்ல படிச்சிருப்பீங்க. இப்பவாவது வந்தீங்களே" என்றார். ரத்தத்தை, இந்த நோய்க்கான எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐஜிஎம் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திருக்காமல் அன்று ராத்திரியே டாக்ஸிசைக்ளின் ஆரம்பித்தார்கள். 29ஆம் தேதி மனைவி வந்து சேர்ந்தாள், பரிசோதனையும் பாசிட்டிவ் என்று வந்தது. 30ஆம் தேதி காலை ஜுரம் இல்லை. ஒன்பது நாளாக உடம்பைப் பிழிந்த காய்ச்சல், ஒரு பட்டை நூறு ரூபாய்கூட ஆகாத மாத்திரையில் இரண்டே நாளில் நின்றது. ஜனவரி 2 வீட்டுக்கு வந்தேன். கல்லீரல் அளவுகள் சரியாகவும், பழையபடி நடக்கவும் பொங்கல் ஆகிவிட்டது.

கட்டிலில் கிடந்த நாட்களில் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். காய்ச்சலுக்குக் காரணம் ஒரியன்ஷியா சுட்சுகாமுஷி என்கிற பாக்டீரியா. அதைச் சுமப்பது ஒரு சிற்றுண்ணியின் இளம்பருவம். அளவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. வளர்ந்த உண்ணி மண்ணில் கிடந்து பூச்சி முட்டைகளைத் தின்று வாழும், நம்மைச் சீண்டாது. இளம்பருவம் மட்டும் புல் நுனியில் ஏறிக் கூட்டமாகக் காத்திருந்து, எலியோ மனிதனோ உரசும்போது தொற்றிக்கொள்ளும். துணி இறுக்கும் இடமாகப் பார்த்துக் கடிக்கும். ஆறு நாள் முதல் மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் வரும். பிளேட்லெட் குறைவதால் டெங்கு என்று தோன்றும். டைஃபாய்டுக்குக் கொடுக்கிற பல மருந்துகள் இதற்குக் கேட்காது. விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று போகும். நோய் முற்றியவர்களுக்கு டாக்ஸிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்து ஊசியாகக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்ல பலன் தருகிறது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023ல் வெளியாகியிருக்கிறது. நம் மாவட்டங்களின் நோய் இது, மழை முடிந்து பனி தொடங்கும் மாதங்களில்தான் அதிகம். பூச்சிப் படம் எடுக்கிறவர்களுக்கு அதுதானே நல்ல பருவம்.

படிக்கும்போது ஒன்று என்னை உலுக்கியது. மழை விட்டதும் செம்மண்ணில் ஊருமே, ரத்தச் சிவப்பில் வெல்வெட் துணி போல, பட்டுப்பூச்சி என்போம், தம்பலப்பூச்சி என்றும் சொல்வார்கள், சங்கப் பாட்டில் மூதாய் என்று வரும், அதற்கு இந்த உண்ணி நெருங்கிய சொந்தம். நான் முந்நூறு நானூறு முறை மண்டியிட்டு எடுத்த உயிர் அது. வீட்டுக்கு வந்த பிறகு டிசம்பர் 8 படங்களைத் திறந்து ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றில், தட்டான் உட்கார்ந்த தாளுக்குப் பின்னால், மங்கலாக ஒரு புல் நுனி. அதில் ஏழெட்டு ஆரஞ்சுப் புள்ளிகள் நெருக்கமாக. அதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் படத்தை நான் அழிக்கவும் இல்லை, யாருக்கும் அனுப்பவும் இல்லை.

சரி, நான் இப்போது என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். வெறும் புல்லில் படுப்பதில்லை, ஆறடிக்கு நாலடி தார்ப்பாய் ஒன்று 250 ரூபாய்க்கு வாங்கி வைத்திருக்கிறேன், வீட்டுக்கு வந்ததும் அதை வெயிலில் போடுகிறேன். முழுக்கைச் சட்டையை உள்ளே விட்டு, பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்கிறேன். டீட் என்கிற பூச்சிவிரட்டி மருந்து கலந்த களிம்பைக் கை, கழுத்து, கணுக்காலில் பூசிக்கொள்கிறேன். பூசிய கையோடு கேமராவைத் தொடாதீர்கள், பிளாஸ்டிக்கையும் ரப்பர் பிடியையும் அது அரிக்கும். விரல் நுனியைத் துடைத்துவிட்டுத் தொடுங்கள். வீடு வந்ததும் படம் பார்ப்பதெல்லாம் பிறகு. முதலில் உடுப்பு சுடுதண்ணீர் வாளிக்குள் போகும், நான் சோப்பும் பீர்க்க நாருமாகக் குளிக்கப் போவேன். அடுத்த மூன்று வாரமும் தினம் ராத்திரி உடம்பைப் பார்த்துக்கொள்வேன். அக்குள், தொடை இடுக்கு, தொப்புள், முழங்கால் மடிப்பு, இடுப்புக் கோடு. முதுகுப் பக்கத்துக்கு மனைவி டார்ச் பிடிப்பாள். தனியாக இருக்கிறவர்கள் செல்போனைப் பின்னால் பிடித்து ஒரு படம் எடுத்துப் பார்க்கலாம். இந்தக் கருப்புப் புள்ளி எல்லாருக்கும் வராது, அதனால் அது இல்லை என்பதற்காக நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது.

இத்தனையிலும் முக்கியமானது இது: காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால் "நான் புதரிலும் புல்லிலும் படுத்து எழுந்தவன், இன்ன தேதியில் போனேன்" என்று அவர் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அவர் கேட்கிற கேள்வி விவசாயிக்கும் ஆடு மேய்ப்பவருக்குமானது. கணக்கு எழுதுகிறவன் ஞாயிற்றுக்கிழமை புல்லில் கிடப்பான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நானே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், கர்ப்பிணிகளுக்கு வேறு மருந்து, ஒவ்வொருவருக்கும் அளவு வேறு. அப்புறம் பில்கள். மருத்துவமனையில் நான் கட்டிய 38,400 ரூபாயில் 24,000 கம்பெனி இன்ஷூரன்ஸில் பிறகு வந்தது. அதற்கு முன் கிளினிக்குக்கும் லேபுக்கும் கொடுத்த 7,000 சொச்சத்துக்கு என்னிடம் ஒரு சீட்டுகூட இல்லை.

லென்ஸ் கதையும் இதோடு சேர்ந்ததுதான். 2022ல் 21,000 ரூபாய்க்கு சின்னதைப் பெரிதாக எடுப்பதற்கென்றே செய்த மேக்ரோ லென்ஸ் ஒன்று, பழைய 90 மி.மீ., வாங்கியிருந்தேன். சீட்டுப் பணம் எடுத்து வாங்கியது. காய்ச்சலுக்கு முந்தின ஞாயிறு பனியில் நனைந்து வந்த பையை, ஈரத் துண்டோடு அப்படியே மூடி அலமாரியில் வைத்திருந்தேன். பொங்கல் கழித்து எடுத்து, டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் கண்ணாடி ஓரத்திலிருந்து சிலந்தி வலை மாதிரி வெள்ளை இழைகள். பூஞ்சை. சுத்தம் செய்ய 3,500 வாங்கினார்கள். இழைகள் போய்விட்டன, ஆனால் அது கண்ணாடிப் பூச்சை அரித்த தடம் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. வெயிலுக்கு எதிரே எடுத்தால் படம் பால் ஊற்றின மாதிரி வெளுத்துவிடுகிறது. உடம்பு போனபோது அழுததைவிட இதற்கு அதிகம் அழுதேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அழுதேன். நம் ஊர் ஈரக்காற்றில் லென்ஸைப் பையில் வைக்கவே கூடாது. காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா, உள்ளே கால் கிலோ சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. எல்லாம் சேர்த்து 800 ரூபாய்க்குள் முடியும். முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்க வேண்டும். நீல ஜெல் ரோஜா நிறத்துக்கு மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். சமைக்காத பழைய வாணலியில் போட்டு இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும். பூஞ்சை பிடித்த லென்ஸை மற்றவற்றோடு வைக்காதீர்கள்.

பிப்ரவரியில் திரும்ப ஏரிக்கரைக்குப் போனேன். முதல் இரண்டு வாரம் தார்ப்பாயில் படுத்தாலும் மனம் இடுப்பிலேயே இருந்தது, ஒரு படமும் எடுக்காமல் திரும்பினேன். மூன்றாவது வாரம் எருக்கஞ்செடியில் ஒரு வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி கூட்டுப்புழுவிலிருந்து பாதி வெளியே வந்து தொங்கிக்கொண்டிருந்தது. சுருங்கிய இறக்கை விரிய விரிய, பயம் போனதே தெரியவில்லை.

இந்த வருடம் ஐப்பசி மழை விட்ட மறுநாள் மகளும் கூட வந்தாள். அவளுக்கும் சாக்ஸ், களிம்பு எல்லாம். கரை ஓரம் செம்மண் திட்டில் பட்டுப்பூச்சிகள் வெளியே வந்திருந்தன. "அப்பா, இது கடிக்குமா?" என்றாள். "கடிக்காதும்மா, இது அதோட சொந்தக்காரங்க, நல்லவங்க" என்றேன். ஒன்று நேராக எங்களை நோக்கி வந்தது. நீலத் தார்ப்பாயின் ஓரத்தில் ஏறி, மடிப்பில் தேங்கிய தண்ணீரை முன்னங்காலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனது. மகள் மூச்சை அடக்கிக்கொண்டு கேமராவைப் பிடித்தாள். நான் ஃப்ளாஷைப் பிடித்தேன்.